பாரிசவாதத்துக்குப் பிறகு இறுகிப்போற கையும் காந்த சிகிச்சையும்

பாரிசவாதம் வந்து கொஞ்சக் கிழமை போனாப் பிறகுதான் கன வீடுகள்ல இது தெரியத் தொடங்கும். முதல்ல துவண்டு கிடந்த கை மெல்ல மெல்ல மடங்கி முழங்கை நெஞ்சோட ஒட்டிடும், விரல் எல்லாம் பொத்திக்கொண்டு நிக்கும், பாதம் கீழ்ப்பக்கமா வளைஞ்சிடும். மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கமிருந்து பஸ் ஏறி திருகோணமலை டவுனுக்கு பிசியோதெரபிக்கு வாற ஆக்களோட கதைச்சா, காந்த மெசின் வச்சா கை விரியுமாமே உண்மையோ எண்டு கேப்பினம்.

அதுக்கு முதல் கை ஏன் இறுகுது எண்டு விளங்கோணும். டொக்டர் முழங்காலுக்குக் கீழ சின்னச் சுத்தியலால தட்டேக்க கால் எத்துதே, அந்த வேலைதான் இங்கயும் நடக்குது. தசைக்குள்ள, அது எவ்வளவு வேகமா இழுபடுது எண்டு பாக்கிற உணரிகள் இருக்கு, இழுபட்ட உடனே அது முண்ணாணுக்கு, அதாவது முதுகெலும்புக்குள்ளால போற நரம்புத் தண்டுக்கு, செய்தி அனுப்ப, முண்ணாண் மூளையைக் கேக்காமலே "சுருங்கு" எண்டு திருப்பி அனுப்பும். நல்லா இருக்கிற ஆளில மூளை மேல இருந்து இதை எப்பவும் அடக்கிக்கொண்டிருக்கும். பாரிசவாதத்தில மூளையின்ர அந்தப் பகுதிக்கு இரத்தம் போகாமலோ, இரத்தம் கசிஞ்சோ பழுதானா அடக்க ஆளில்லை. அதனாலதான் கையை வெடுக்கெண்டு இழுத்தா இன்னும் இறுகும், ஆறுதலா இழுத்தா கொஞ்சம் இளகும். "மாமா, கையை விடுங்கோ, ஏன் இறுக்கிறீங்க" எண்டு வீட்டில பேசுறதைக் கேக்கேக்க மனம் நோகும், அந்த மனுசன் வேணுமெண்டு இறுக்கேல்லை.

இனி காந்தம். 1831ல மைக்கேல் ஃபரடே கண்டுபிடிச்சது, காந்தப்புலம் மாறினா பக்கத்தில இருக்கிற கடத்தியில (கரண்ட் ஓடக்கூடிய பொருளில) கரண்ட் பிறக்கும். இண்டக்ஷன் அடுப்பு சட்டியைச் சூடாக்கிறதும் இப்பிடித்தான், அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவில வயர் ஒண்டுமில்லை. சிகிச்சை மெசின்ல ஒரு செப்புச் சுருளுக்குள்ள சரியான பெரிய கரண்டை ஒரு செக்கனின்ர ஆயிரத்தில ஒரு பங்குக்கும் குறைஞ்ச நேரத்துக்கு விடுவினம், சுருளைத் தொட்டபடி உண்டாகிற புலம் ஒண்டு ரெண்டு டெஸ்லா (காந்தப்புலத்தின்ர வலுவை அளக்கிற அலகு) வரும், அது தோலையும் கொழுப்பையும் தாண்டிப் போய் உள்ள இருக்கிற நரம்பில கரண்டை உண்டாக்க, தசை "டக்" எண்டு சுருங்கும். ஒட்டுற பட்டி வச்சுக் குடுக்கிற கரண்ட் தோலுக்கால போறதால குத்தும், இதில அந்த நோவு குறைவு. புலம் மாறிக்கொண்டே இருக்கோணும் எண்டது முக்கியம், கடையில விக்கிற காந்த வளையல், காந்த பெல்ட் எல்லாம் மாறாமல் நிக்கிற காந்தம், அதை நம்பிக் காசைக் குடுக்காதேங்கோ.

1982ல இங்கிலாந்தின்ர ஷெஃபீல்டில ஆராய்ச்சிக்காரர் கை நரம்பை இப்பிடித் தூண்டிக் காட்டிச்சினம், 1985ல அந்தோனி பார்க்கரும் கூட்டாளிகளும் மண்டையோட்டுக்கு மேலால மூளையையே தூண்டிச்சினம். இப்ப ரெண்டு வழியும் இருக்கு. தசையில வைக்கேக்க, சுருங்கி விரியிற உணர்வு முண்ணாணுக்கும் மூளைக்கும் திரும்பத் திரும்பப் போகுது, அது அந்தக் கட்டுப்பாட்டைத் திரும்பச் சீராக்க உதவலாம் எண்டு நினைக்கினம்.

கை இளகினதைப் பாத்த ஆய்வுகள் இருக்கு, ஆனா கனக்க சின்ன ஆய்வுகள். கன ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்து எடை போடுற கொக்ரேன் மதிப்பாய்வும் இன்னும் ஆதாரம் போதாது எண்டுதான் சொல்லுது. இளக்கம் வந்தாலும் நிலைச்சு நிக்காது, அதால அந்த இளகின நேரத்துக்குள்ளேயே கையை ஆறுதலா நீட்டி, கோப்பையைப் பிடிச்சு விட்டு, பயிற்சி செய்யிறதிலதான் பலன் இருக்கு, மெசினை மட்டும் வச்சிட்டு வீட்டை போய்ப் படுத்தா காசும் பஸ் பயணமும் வீண். தசை இறுக்கத்தைக் குறைக்கிற பக்லோஃபென் குளிசை, போட்டொக்ஸ் ஊசி, கையை நீட்டி வச்சுக் கட்டுற ஸ்ப்ளிண்ட் எல்லாத்தையும் டொக்டரிட்டக் கேளுங்கோ, அது பழைய வைத்தியம் எண்டு தள்ளாதேங்கோ.

பேஸ்மேக்கர், காதுக்குள்ள வச்ச கருவி, தலைக்குள்ள இரத்தக்குழாயில போட்ட உலோகக் கிளிப், வலிப்பு வந்த கதை, இதில ஏதும் இருந்தா சுருளைக் கிட்டக் கொண்டு வர முதலே சொல்லிப்போடுங்கோ, மணிக்கூடு, மோதிரம், வளையல் கழட்டி வீட்டுக்காரரிட்டக் குடுத்திட்டு இருங்கோ.