வேகம் ஒன்று, சுரம் வேறு: பெல் 103-உம் வி.21-உம்

தொலைபேசிக் கம்பியில் நம்பி அனுப்பக்கூடியது சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டும்தான். கணினியின் பிட்டுகளை (0, 1) ஒலியாக்கி அதில் அனுப்பும் கருவி மோடம். அமெரிக்காவில் 1962-இல் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி கொண்டுவந்த பெல் 103, பின்னர் சர்வதேசத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான சிசிஐடிடி வகுத்த வி.21 என்ற இரண்டு மோடம் முறைகளுமே இதற்குள் நொடிக்கு 300 பிட் அனுப்பின. உத்தியும் ஒன்றே: 0-க்கு ஓர் அதிர்வெண், 1-க்கு இன்னொன்று. ஆனாலும் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது.

பெல் 103-இல் அழைக்கும் மோடம் 0-க்கு 1070, 1-க்கு 1270 ஹெர்ட்ஸ் அனுப்பும். பதில் முனை 2025, 2225. வி.21-இல் அழைப்பவருக்கு 1180, 980. பதில் முனைக்கு 1850, 1650. பெல்லில் 1 மேலே, வி.21-இல் 1 கீழே. எனவே கீழ்ப்பட்டை ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் பிட்டுகள் தலைகீழாகத்தான் வரும்.

வடிவமைப்பில் வி.21-க்கே என் ஓட்டு. அலை சிதைந்தால் அதன் இரட்டிப்பு அதிர்வெண்ணும் கூடவே எழும். 1070-இன் இரட்டிப்பு 2140. அது பெல் மோடம் தானே கேட்டுக்கொண்டிருக்கும் 2025–2225 பட்டைக்குள் போய் விழுகிறது. அனுப்பும் அலை சற்றே சிதைந்து, வடிகட்டியும் சுமாராக இருந்தால், தூரத்திலிருந்து மெலிந்து வரும் குரலை சொந்தச் சத்தமே அமுக்கிவிடும். வி.21-இல் இரட்டிப்புகள் 1960, 2360. இரண்டும் கேட்கும் பட்டைக்கு வெளியே.

1200 பிட்டுக்கு இந்த உத்தியையே நீட்டினால் பாதையில் பாதிக்கு மேல் ஒரு திசையே தின்றுவிடும். அதனால் சிசிஐடிடியின் வி.23 ஒரு திசையில் 1200 (1300, 2100 ஹெர்ட்ஸ்), எதிர்த்திசையில் வெறும் 75 பிட் என்று பங்கு போட்டது. திரையில் நிறைய வாசித்து, கொஞ்சமாகத் தட்டச்சு செய்யும் பிரான்சின் மினிடெல் என்ற தொலைபேசிவழித் தகவல் சேவைக்கு அது போதுமானதாக இருந்தது.

பெல் 212ஏ-உம் சிசிஐடிடியின் வி.22-உம் இரு திசையிலும் 1200 பிட்டுக்கு வேறு வழி பிடித்தன: திசைக்கு ஒன்றாக 1200, 2400 ஹெர்ட்ஸில் இரண்டு ஊர்தி அலைகள் (தகவலைச் சுமக்கும் அலைகள்), நொடிக்கு 600 கட்ட மாற்றங்கள் (அலையின் ஏற்ற இறக்கத்தை முன்பின் நகர்த்துவது), ஒவ்வொன்றிலும் 2 பிட். இங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், தகராறு தொடக்கத்தில். பெல் முனை 2225 ஹெர்ட்ஸில் பதில் சொல்லும், சிசிஐடிடி முனை 2100-இல். பதில் முனை தொடர்ந்து 1-களை அனுப்பும்போது 2250 ஹெர்ட்ஸில் வலுவான கூறு எழும். பிரிட்டனில் எக்ஸ்சேஞ்சுகள் தமக்குள் சைகை பேசிய 2280-க்கு அது ரொம்பப் பக்கம். எக்ஸ்சேஞ்ச் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டால் அழைப்பே துண்டிக்கப்படும். அதைத் தடுக்கத்தான் வி.22-இல் பதில் முனை 1800 ஹெர்ட்ஸில் காவல் ஒலி ஒன்றையும் சேர்த்து ஒலிக்கிறது.

மணி அடித்து எடுக்கிறது, சத்தமும் கேட்கிறது, இணைப்பு மட்டும் நிற்கவில்லையா? பழைய ஹேய்ஸ் வகை மோடத்தில் முதலில் ஏடிபி0 (சிசிஐடிடி), ஏடிபி1 (பெல்) என்ற கட்டளைகளை மாற்றிப் பாருங்கள். காவல் ஒலிக்கு ஏடி&ஜி2, அதை நிறுத்த ஏடி&ஜி0.

இவற்றில் வி.21-க்கு ஆயுள் கெட்டி. இரண்டு ஃபேக்ஸ் எந்திரங்கள் பக்கத்தை அனுப்பும்முன் பேசி முடிவுசெய்துகொள்வது அதன் மேல்பட்டையில், அதே 300 பிட்டில்தான்.