பெருவிரலில் இருக்கும் இரண்டாவது ஆள்

கரண்ட் போன ஒரு பின்னேரம். டச்பே கடற்கரை மணலில் கால் நீட்டி இருந்துகொண்டு, கைபேசியில் ஒரு கிற்றார் இசைத்தொகுப்பைப் போட்டுக் கேட்டோம். பாட்டில்லை, மேளமில்லை. ஒரே ஒரு அக்கூஸ்டிக் கிற்றார், தந்தி சுண்டும் பிக் சில்லைக் கூடப் பிடிக்காமல் வெறும் விரல்களால் வாசித்தது. இரண்டாவது உருப்படி முடியும் நேரம் மருமகன் கேட்டான்: "மாமா, மற்றக் கிற்றார் ஆர் வாசிக்கிறது?"

மற்றவர் என்று அங்கே எவருமில்லை. ஆனாலும் அவன் காதில் பிழையில்லை.

கோயில் திருவிழாக்களில் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. தவில்காரர் ஒருவர்தான். ஒரு பக்கத்தைத் தடியால் அடிக்கிறார், மறுபக்கத்தைக் கூடு போட்ட விரல்களால். கண்ணை மூடினால், அடித்தொண்டையில் கதைப்பவர் ஒருவரும் படபடவென்று பதில் சொல்பவர் ஒருவருமாக இரண்டு பேர் தெரிவார்கள். ஃபிங்கர்ஸ்டைல் என்கிற இந்த விரல் வாசிப்பிலும் இதே பங்கீடுதான். தடித்த மூன்று தந்திகள் பெருவிரலுக்கு, மெல்லிய மூன்றும் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலுக்கு. பெருவிரல் தாளம் தப்பாமல் நடக்க, மற்றவை அதன்மேல் மெட்டைப் போடும். அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த கிற்றார் கலைஞர் மேர்ல் ட்ராவிஸ் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மட்டும் வைத்தே இதைச் செய்தார். ட்ராவிஸ் பிக்கிங் என்ற பெயர் அவரால் வந்ததுதான்.

சரி, கை வேலையைப் பிரித்துக்கொண்டது. காது எப்படிப் பிரிக்கிறது? காற்றில் வருவது ஒரே அலை, காதுக்குச் செவிப்பறை ஒன்றுதான், அது உள்ளே வெளியே என்று அசைவதைத் தவிர வேறொன்றும் அறியாது. அந்த ஓர் அசைவிலிருந்து 'இது ஒருவர், அது இன்னொருவர்' என்று கூறுபோடுவது மூளை. மீன் சந்தை இரைச்சலில் தெரிந்த குரலை மட்டும் பிடித்துக்கொள்கிறோமே, அதே வேலை. கனடாவின் மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் அல்பேர்ட் பிரெக்மன் 1970களிலிருந்து இதைத் தோண்டித் தோண்டி ஆராய்ந்தார். சுருதி தள்ளித் தள்ளி இருக்கும் ஒலிகளையும், குரலின் நிறம் வேறுபடும் ஒலிகளையும் மூளை தனித்தனிக் கட்டாகக் கட்டிவிடும்.

கிற்றாரில் சுருதித் தூரம் தாராளமாகவே இருக்கிறது. ஆறு தந்திகளுக்கும் நீளம் ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர்தான். ஆனால் தடித்த அடித்தந்தி செக்கனுக்கு 82 தடவை அதிர, மெல்லிய மேல்தந்தி 330 தடவை அதிர்கிறது. நாலு மடங்கு, அதாவது இரண்டு ஸ்தாயி.

குரலின் நிறத்தை மாற்றும் இடத்தில்தான் கைப்பழக்கம் தெரியும். நல்ல வாசிப்பாளரின் வலக்கையைக் கிட்ட இருந்து பாருங்கள். உள்ளங்கையின் அடிச்சதை, தந்திகள் போய் மரத்தில் முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், தடித்த தந்திகளின்மேல் மட்டும் பட்டும் படாமலும் கிடக்கும். தந்தி அதிரும்போது அடிச்சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்களும் சேர்ந்தே எழும். அந்த மெத்தென்ற சதை மேற்சுரங்களை முதலில் விழுங்கிவிடும். மிஞ்சுவது 'டும், டும்' என்ற கட்டையான சத்தம். அதே நேரம் மெல்லிய தந்திகளை நகம் சுண்டுகிறது. நகம் கூரானது, கடினமானது. அது தந்தியைக் கூர்மையாக மடித்து விடுவதால் மேற்சுரங்கள் அள்ளிக்கொண்டு வரும், ஒலி பளிச்சென்று இருக்கும். ஒரே மரப்பெட்டிக்குள் இரண்டு வாத்தியங்கள்!

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாங்கள் கேட்டது கைபேசியில். நகத்தளவு ஸ்பீக்கரால் அடித்தந்தியின் 82 அதிர்வைத் தள்ளவே முடியாது. கிற்றாருக்கே அது கொஞ்சம் சிரமம்தான். அதன் வட்டத் துளையில் உள்ள காற்று, போத்தல் வாயில் ஊதினால் முனகுவதுபோல, 100 அதிர்வை ஒட்டி முனகும். அதற்குக் கீழே போகப் போகப் பெட்டிக்குப் பலம் குறைந்துவிடும். அப்படியானால் மருமகன் கேட்ட பெருவிரல் எங்கிருந்து வந்தது? ஸ்பீக்கரில் 330, 412, 494 என்று மடங்குகள் மட்டும் வருகின்றன. எல்லாவற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி 82. 'இவை 82இன் பிள்ளைகள்' என்று மூளை கணக்குப் பார்த்து, வராத அடிச்சுரத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. அந்த இரண்டாவது ஆளின் கால்கள் அவன் தலைக்குள்தான் இருந்தன.

வீட்டுக்குப் போய் என் கிற்றாரை எடுத்து வாசித்துக் காட்டினேன். கடற்கரையில் கிற்றார் வளர்ப்பது பெரும்பாடு. வாடைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதித் தந்தி மேலே ஏறி நிற்கும், கச்சான் காற்றில் காய்ந்து இறங்கும். (கச்சான் என்றால் எங்களுக்குக் கடலையும்தான். இது காற்று.) உப்புக்காற்றில் இரும்புத் தந்தி துருப்பிடிக்கும், தடித்த தந்திகளின் சுற்றுக்கம்பி இடுக்கில் வியர்வையும் அழுக்கும் அடையும். இரண்டுமே மேற்சுரங்களைத்தான் தின்னும். என்னுடையவை போன வருடத்துத் தந்திகள். நகத்தால் சுண்டினாலும் சதையால் அமத்தினாலும் ஒரே மங்கிய குரல்.

மருமகன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டான். "இப்ப ஒராள்தான் மாமா. அவருக்கும் தடிமன்."