மின்செலுத்தம்

மின் நிலையத்திலிருந்து தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் கோபுரக் கம்பிக்கு என்ன பெயர் என்று கோத்தகிரிப் பக்கம் பிள்ளைகளிடம் கேட்டால் 'டவர் லைன்' என்பார்கள். பெரியவர்கள் 'டிரான்ஸ்மிஷன் லைன்' என்பார்கள். டிரான்ஸ்மிஷனின் வேர் லத்தீன்: 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'மிட்டரே' என்றால் அனுப்பு. நோய்க்கு வரும்போது அது பரவல், வானொலியில் ஒலிபரப்பு. சரி, மின்சாரத்துக்கு?

தமிழ்நாட்டில் அலுவலகச் சொல் 'தொடரமைப்பு'. மின் தொடரமைப்புக் கழகம் என்ற பெயரிலேயே இருக்கிறது. கோபுரம், கம்பி, துணைமின் நிலையம் எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு நல்ல சொல்தான். அங்கே நடக்கும் வேலையை அது சொல்லவில்லை. 'கடத்தல்' ஒத்துவராது. அது மின்சாரத்தைத் தன்வழியே போகவிடும் குணம், செம்புக்கு உள்ளது. மின்கடத்தி என்று வேறிடத்தில் வேலை செய்கிறது. நான் வகுப்பில் சொல்வது 'செலுத்தம்'. செல் என்பதன் பிறவினை செலுத்து. தேரைச் செலுத்துகிறோம், காணிக்கை செலுத்துகிறோம். தானாகப் போவதை அப்படிச் சொல்வதில்லை. போய்ச் சேரவேண்டிய இடமும் அதற்குள் இருக்கிறது.

மின்சாரத்தைச் செலுத்த வேண்டியிருக்கும் முயற்சியை மேசைமேலேயே காட்டலாம். 6 வோல்ட் மாறுமின்சாரம், 6 வோல்ட் பல்பு ஒன்று, நடுவில் நீளமாக, மின்தடை அதிகமுள்ள இரண்டு நிக்ரோம் கம்பிகள். பல்பு மங்கலாகத்தான் எரியும். மீதித் திறன் கம்பியைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. அப்புறம் இந்தப் பக்கம் ஒரு மின்மாற்றி வைத்து 30 வோல்ட்டாக ஏற்றி, அந்தப் பக்கம் இன்னொன்றால் பழையபடி இறக்க வேண்டும். கம்பி அதேதான், பல்பு பளிச்சென்று எரியும்! அதே திறனுக்கு மின்னழுத்தம் 5 மடங்கானால் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு. இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 25-இல் ஒரு பங்கு. பலகையில் பத்து முறை எழுதியும் பதியாதது, அந்த வெளிச்சம் கண்ணில் பட்டதும் பதிந்துவிடுகிறது.

பிறகு பைக்காராவைச் சொல்வேன். 1932-இல் மின் உற்பத்தி தொடங்கிய நீலகிரி நீர்மின் திட்டம். அதன் சிங்காரா மின் நிலையத்தில் எடுத்த மின்சாரம் கோவைப் பஞ்சாலைகள் வரை போனது. மின்னழுத்தத்தை ஏற்றாமல் அவ்வளவு தூரம் செலுத்தியிருக்க முடியாது. இன்று தமிழ்நாட்டின் கோபுரக் கம்பிகளில் 110, 230, 400 கிலோவோல்ட் மின்னழுத்தங்கள் இருக்கின்றன.

ஒரு கேள்வி தவறாமல் வரும்: செலுத்தம் எங்கே முடிகிறது? மேசையில் இரண்டாவது மின்மாற்றியைக் காட்டுவேன். அங்கே இறக்கியபிறகு வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுப்பதற்குப் பெயர் பகிர்மானம்.