ஒரு முழத்துக்குள்

மும்பையில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே நான் பூ வாங்கும் கடையில் இரண்டு கணக்கு ஓடும். மராத்திக்காரர்கள் கஜ்ரா, அதாவது தலையில் வைக்கும் பூச்சரம், இத்தனை என்று எண்ணிக் கேட்பார்கள். நம்மவர்களுக்கு முழக்கணக்கு. பூக்கார அக்காவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு தாராவியில். சரத்தின் ஒரு நுனியை முழங்கையில் வைத்து, நடுவிரல் நுனிவரை ஓடவிட்டு, அங்கே கிள்ளுவார். போன மழைக்காலத்தில் ஒருநாள் அளந்து முடித்தவர், கையைத் தொங்கவிட்டு நாலு உதறு உதறினார்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டிருது தம்பி. கை என்னுதே இல்லாத மாதிரி மரத்துக் கெடக்கு. எந்திரிச்சு உதறுனாத்தான் உயிர் வருது.”

வாயு என்று ஒருத்தர் சொன்னதில் பூண்டுப்பால் குடித்திருக்கிறார். நரம்பு வீக் என்று இன்னொருத்தர் சொன்னதில் சத்து மாத்திரை. நான் ஒன்றுதான் கேட்டேன்: சுண்டுவிரலும் மரக்குதா? விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் ஆமாம். மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் நன்றாக இருக்கிறது.

இந்தப் பதிலிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும். ஏன் என்று சொல்ல, நரம்பு என்ற சொல்லில் இருந்தே தொடங்க வேண்டும்.

தமிழில் அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். புறங்கையில் பச்சையாகப் புடைத்திருப்பதையும் நரம்பு என்கிறோம், அது ரத்தக்குழாய். பாரம் தூக்கி நரம்பு பிசகிவிட்டது என்றால், பெரும்பாலும் மாட்டிக்கொண்டது தசையோ தசைநாரோதான். யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. நியூரான் என்ற கிரேக்கச் சொல்லும் முதலில் தசைநாரையும் நாணையும்தான் குறித்தது. ஆனால் கைவலி விஷயத்தில் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். சேதி கொண்டுபோவது நரம்பு. இழுப்பது தசைநார், டாக்டர்கள் டெண்டான் என்று சொல்வது.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. சந்தேகம் இருந்தால் வலது முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். பிடிக்குள் சதை நெளியும். மோட்டார் அங்கே, வேலை இங்கே, நடுவில் கயிறு. பொம்மலாட்டம்தான்.

அந்தக் கயிறுகள் உள்ளங்கைக்குப் போகும் வழியில் ஒரு நெருக்கடியான இடம் இருக்கிறது. மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகள் தொட்டில் போலக் குழிந்து நிற்கின்றன. மேலே கூரையாகத் தடித்த ஒரு நார்ப்பட்டை. இதுதான் கார்ப்பல் டனல். ஏறக்குறைய கட்டைவிரல் பருமனே உள்ள இந்தச் சுரங்கத்தில் ஒன்பது தசைநார்கள், கூடவே கட்டைவிரலில் இருந்து மோதிர விரலின் பாதிவரை சேதி கொண்டுபோகும் மீடியன் என்ற ஒரு நரம்பு. பீக் அவர் லோக்கலில் ஒன்பது முரட்டு ஆட்களுக்கு நடுவே ஏறிய நோஞ்சான் மாதிரி. தசைநார்களின் உறை கொஞ்சம் தடித்தாலும் உள்ளே அழுத்தம் கூடும். கூரையும் விரியாது, தரையும் இறங்காது. நரம்புக்குள் ஓடும் ரத்தம் நசுங்கிக் குறைய, சேதி தடுமாறுகிறது. மரமரப்பு அதுதான்.

இரவில் ஏன் அதிகம்? தூக்கத்தில் மணிக்கட்டு நம்மை அறியாமல் மடங்கிக் கிடக்கிறது. மடங்கினால் சுரங்கத்தில் அழுத்தம் இன்னும் ஏறும். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க, ஒரு நிமிஷம் பிடிக்கச் சொல்லி டாக்டர்கள் சோதிப்பதும் இதனால்தான். எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. விரல்கள் மரத்தாலும் உள்ளங்கையின் நடுப்பகுதி பெரும்பாலும் மரக்காது. அதற்குப் போகும் கிளை சுரங்கத்துக்கு முன்பே பிரிந்து, கூரைக்கு மேலேயே போய்விடுகிறது.

பெண்களுக்கு இது அதிகம் வரும். கர்ப்பம், சர்க்கரை, தைராய்டு குறைவு, முடக்குவாதம் எல்லாம் கூட்டும். அழுத்திப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும், அதிரும் கருவிகளும் கூட்டும். கம்ப்யூட்டர் கீபோர்டுக்குக் கிடைத்த கெட்ட பெயர் அளவுக்குச் சான்று இல்லை. அக்காவுக்குச் சர்க்கரை உண்டு, பூக்கட்டுவதோ முப்பது வருஷமாக. எதன் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, சுண்டுவிரலுக்கு வேறு ரூட். முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால், தோலுக்கு நேர் கீழே அல்நார் நரம்பு போகிறது. கதவில் இடித்தால் சுள்ளென்று கரண்ட் அடிக்குமே, அது எலும்பு இல்லை, இந்த நரம்புதான். முழங்கையை மடக்கும்போதெல்லாம் அது இழுபடும், வழியும் குறுகும். கல்யாணிலிருந்து வரும் லோக்கலில் ஒரு கையால் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி வந்த காலத்தில் எனக்கு மரத்தது சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும். கையை நீட்டி வைக்கப் பழகியதும் போய்விட்டது. இதை ரொம்ப நாள் விட்டால்தான் ஆபத்து. கையின் சிறு தசைகளில் பெரும்பாலானவை இந்த நரம்பின் பொறுப்பு. பூட்டில் சாவியைத் திருப்பவே திணற வேண்டி வரும்.

(கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் விரல் மரக்கும். திடீரென்று ஒரு பக்கக் கை மரத்து, வாயும் கோணி, பேச்சும் குழறினால் அது பக்கவாதம். அப்போது விரலை எண்ணிக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

கயிறுகளுக்கும் அவற்றுக்கே உரிய தொல்லைகள் உண்டு. விரலோடு ஒட்டித் தசைநாரைப் பிடித்திருக்கும் வளையங்களில் உள்ளங்கைப் பக்கத்து வளையம் தடித்தால், காலையில் மடங்கிய விரல் நிமிராமல் சிக்கி, பிறகு டக்கென்று விடுபடும். இது டிரிக்கர் ஃபிங்கர், சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்தால் டி கெர்வைன். 1895இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயர். கைக்குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கியே தாய்மார்களுக்கு வரும். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் டென்னிஸ் எல்போ. வருகிறவர்களில் பெரும்பாலானோர் டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்டதே இல்லை. ஈரப் போர்வையைப் பிழிந்திருப்பார்கள். இதில் வீக்கத்தைவிடத் தசைநார் நைந்துபோவதுதான் முக்கியம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சுகம், ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்கள்தான் தேவலை என்று ஆய்வுகள் காட்டின. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே அடங்கும்.

மூட்டுகளில் ஒன்றை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களின் விரல்நுனி மூட்டில் முண்டு முண்டாக எலும்பு தடிப்பது தேய்மானம். முடக்குவாதம் பொதுவாக நுனி மூட்டை விட்டுவிட்டு, விரலடி மூட்டையும் மணிக்கட்டையும் பிடிக்கும். காலையில் கை விறைத்திருந்து இளக ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குத் தள்ளிப்போடாமல் மருந்து வேண்டும்.

அக்கா கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். “ஷாக் வச்சுப் பாத்தாங்க தம்பி.” அது நரம்பில் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் சோதனை. கட்டைவிரலின் அடியில் உள்ள சதை இன்னும் கரையவில்லை. கரைந்திருந்தால் கூரைப்பட்டையை வெட்டிவிடும் ஆபரேஷன் வரை பேச்சு போயிருக்கும். இப்போதைக்கு இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட், மடக்கி இழுக்கும் வேலையில் நடுநடுவே ஓய்வு.

ஒரு மாசம் கழித்துப் போனபோது ராத்திரி முழிப்பு வருவதில்லை என்றார். பகலிலும் ஸ்பிளிண்டைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்து பார்த்தாராம், சரிப்படவில்லை. மணிக்கட்டு மடங்காததால் முழம் ஒரு விரக்கடை நீண்டுவிடுகிறதாம்.