பச்சைத் தண்ணீரை அவசரப்பட்டு இறைத்துவிடாதீர்கள்

வீடு வாங்கி, சாவி கைக்கு வந்த மறுவாரமே எங்களுக்கு வரும் போன்களில் பல ஒரே மாதிரிதான் தொடங்கும். "சார், வீட்டுக்குப் பின்னால ஒரு ஸ்விம்மிங் பூல் இருக்கு, ரெண்டு மூணு வருஷமா யாரும் பார்க்கல, பச்சையா கெடந்துச்சு, மோட்டார் வச்சு மொத்தத் தண்ணியையும் எறச்சுட்டேன், அடுத்து என்ன பண்ணணும்?" கடைசி வரியைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரையிலிருந்து கோவளம் வரைக்கும் 14 வருடமாக நீச்சல் குளப் பராமரிப்பு வேலை செய்கிறேன். பாசியால் கெட்டுப்போன குளம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, ஆனால் அவசரப்பட்டுக் காலி செய்ததால் கெட்டுப்போன குளங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், அதுவும் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில் கேட்கவே வேண்டாம், கடப்பாறையால் நாலு குத்து குத்தினாலே தண்ணீர் தெரியும். அந்த மண்ணுக்குள் உங்கள் குளம் ஒரு கான்கிரீட் தொட்டியாக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அதன் எடை தொட்டியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. காலி செய்தால் அது கவிழ்க்காமல் மிதக்கவிட்ட அண்டா மாதிரிதான். 8 மீட்டருக்கு 4 மீட்டர் குளம் என்று வையுங்கள். அடித்தளத்துக்கு மேலே நிலத்தடி நீர் ஒவ்வொரு அடி ஏறி நிற்கும்போதும் அடியிலிருந்து ஏறக்குறைய 10 டன் மேல்நோக்கித் தள்ளும். நாலடி நின்றால் 39 டன். சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் கனம் என்றால் குளத்தின் சொந்த எடை 30 டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மீதிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு வீட்டில் நேரிலேயே பார்த்தேன். மழை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, காலையில் இறைத்தார்கள், மறுநாள் இரவு "டப்"பென்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. நான் போனபோது ஆழமான பக்கத்தில் ஓரக்கல் நான்கு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. நடைபாதை டைல்ஸ் கூரை போல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஸ்கிம்மருக்கு, அதாவது மேலே மிதக்கும் குப்பையை இழுக்கிற வாய்க்கு, போகிற குழாய் சுவரை ஒட்டி முறிந்து, அந்த ஓட்டை வழியாக மணலும் நீரும் உள்ளே கசிந்துகொண்டிருந்தன. எழும்பிய குளத்தைப் பழையபடி உட்கார வைக்க முடியாது. உடைத்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் மண்ணைப் போட்டு மூட வேண்டும். அந்தக் குடும்பம் மூடிவிட்டது.

அதனால் பச்சைத் தண்ணீர் அப்படியே இருக்கட்டும். தரையில் விரிசல், டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது, காலி செய்தே ஆக வேண்டும் என்றால் கோடையின் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள், முதலில் பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள், கிணறு இல்லையென்றால் குளத்தின் ஓரமாகக் குளத்தின் ஆழத்துக்கு ஒரு குழாய் இறக்கிப் பார்க்கலாம். சில குளங்களில் அடிவடிகாலில் நீரழுத்தம் விடுவிக்கும் வால்வ் வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் கவனிக்காத குளத்தில் அது மண்ணடைத்து இறுகிப் போயிருக்கும், அதை நம்பி இறங்காதீர்கள்.

இன்னொன்று. அடி தெரியாத தண்ணீருக்குள் யாரையும் இறக்காதீர்கள், சுத்தம் செய்ய வருகிற ஆளாக இருந்தாலும் சரி. உள்ளே வழுக்கி விழுந்தவர் எங்கே கிடக்கிறார் என்றுகூடத் தெரியாது. இலை, குப்பை எல்லாவற்றையும் கரையில் நின்றபடியே நீளக் கம்பு வைத்த வலையால் அள்ளுங்கள், பாம்பு இருக்கும், அதற்கும் அதுவே நல்லது. கொசுவுக்காக யாராவது மீன் விட்டிருந்தால் குளோரின் போடும் முன் பிடித்து மாற்றிவிடுங்கள், பாவம் அதுகள்.

அடுத்து பம்ப் ரூம். இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் உயிர்ச்சேதம் நடக்கும். பழைய உரிமையாளர் விட்டுப்போன டப்பாக்கள் மூலையில் இருக்கும், லேபிள் உரிந்து, மூடி வெடித்து. எல்லாமே "குளோரின்தானே" என்று நினைப்பீர்கள். ஒன்று டிரைகுளோராக இருக்கலாம், இன்னொன்று கால்சியம் ஹைப்போகுளோரைட்டாக இருக்கலாம். இரண்டுமே மாத்திரையாகவும் குருணையாகவும் வரும், பார்த்து மட்டும் அடையாளம் சொல்ல முடியாது. இரண்டும் குளோரின்தான், ஆனால் ஒன்று மற்றதில் கலந்தால், அதிலும் லேசாக ஈரம் பட்டால், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பாலவாக்கம் பக்கம் ஒரு பம்ப் ரூமில் இரண்டு வாளிக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் குவளையைப் போட்டு வைத்திருந்தார்கள். தோட்டக்காரர் அதால் ஒன்றை அள்ளிவிட்டு அப்படியே மற்ற வாளிக்குள் போட்டிருக்கிறார். குவளையின் விளிம்பு உருகி மடங்கியிருந்தது, வாளியின் உள்பக்கம் பழுப்பேறிக் கிடந்தது. புகை வந்ததும் அவர் வெளியே ஓடி வந்ததால் பிழைத்தார். ஒரு குவளை, அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு மருந்துக்கும் தனிக் குவளை, காய்ந்த குவளை. ஆசிட்டும் குளோரினும் ஒரே அறையில் இருக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. லேபிள் இல்லாத டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள், விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு அப்புறப்படுத்துங்கள். அறைக்குள் போகும் முன் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள்.

அப்படியே கரண்ட் விஷயத்தையும் முடித்துவிடலாம். பம்பின் சுவிட்சைத் தொடும் முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கையும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீருக்கடியில் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டில் ஓடுகிறதா என்று கேளுங்கள். நேராக 230 வோல்ட் இழுத்திருந்த குளத்தையும் பார்த்திருக்கிறேன், அதை அன்றைக்கே கழற்ற வைத்தோம்.

சரி, இப்போது தண்ணீர். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். 8, 4, 1.4 என்றால் சுமார் 45,000 லிட்டர். இந்தக் கணக்கு இல்லாமல் மருந்து போடுவது குத்துமதிப்பில் ஊசி போடுவது மாதிரி. பிறகு ஒரு டெஸ்ட் கிட் வாங்குங்கள், முதலில் பி.ஹெச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை, பாருங்கள். 7.2-ல் குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீரியத்தோடு வேலை செய்யும், 8-ஐத் தொட்டால் கால் பங்குதான் தேறும். போட்ட காசெல்லாம் தண்ணீரில் கரைத்த கதைதான். ஆசிட் ஊற்றிக் குறைப்பதென்றால் வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அன்றைக்கு ஆசிட் போட்டால் பம்பை ஓடவிட்டு நன்றாகக் கலந்தபின்தான் குளோரின்.

பச்சைக்குப் பெரும்பாலும் நான் 10 சதவீதத் திரவ ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவக் குளோரின்தான் போடுவேன். 45,000 லிட்டருக்கு நாலரை லிட்டர் ஊற்றினால் குளோரின் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) ஏறும். பொழுது சாய்ந்தபிறகு ஊற்றுங்கள், வெயிலில் பாதி பறந்துவிடும். பிளீச்சிங் பவுடர் மலிவு என்று மூட்டையாகக் கொட்டுகிறார்கள், அதிலிருக்கிற சுண்ணாம்பு தண்ணீரைக் கலக்கி ஃபில்டர் மணலை இறுக்கிவிடும். மாத்திரையை மட்டுமே நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது: டிரைகுளோர் 10 பிபிஎம் குளோரின் தரும்போது வெயிலிலிருந்து குளோரினைக் காக்கிற, ஆனால் அதன் வேகத்தைக் குறைக்கிற சயனூரிக் அமிலத்தையும் 6 பிபிஎம் சேர்க்கிறது, அது ஆவியாவதில்லை, ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் வழக்கமான அளவு குளோரினுக்குப் பாசி சாகாது. போர் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால் குளோரின் பட்டதும் பழுப்பாகிவிடும், பயப்பட வேண்டாம், ஃபில்டர் பிடித்துவிடும்.

ஃபில்டரை இரவும் பகலும் ஓட விடுங்கள். அழுத்தமானி சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டர் மணலைக் கழுவ வேண்டும், அதற்கான வால்வைப் பம்பை நிறுத்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும். பச்சை முதலில் சாம்பல் நீலமாகும், அப்புறம் பால் கலந்ததுபோல் இருக்கும், செத்த பாசி அடியில் படியும், அதை ஃபில்டருக்கு அனுப்பாமல் நேராக வெளியே போகும்படி வேக்குவம் செய்யுங்கள். இரவில் அளந்த குளோரினும் விடியும் முன் அளந்ததும் 1 பிபிஎம்முக்குள் ஒத்துப்போனால் பாசி செத்துவிட்டது என்று அர்த்தம்.

போன வருடம் பனையூரில் ஒரு வீடு, முதன்முறையாகக் குளம் வைத்த வீடு வாங்கியவர்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒன்பதாம் நாள் காலையில் அடித்தளம் தெளிவாகத் தெரிந்தது, பிள்ளைகள் நீச்சல் உடையோடு கரையில் தயாராக நின்றார்கள். நான் குனிந்து அடிவடிகால் மூடியைப் பார்த்தேன். நான்கு திருகாணியில் இரண்டுதான் இருந்தது, ஒரு மூலை தூக்கி நின்றது. அமெரிக்காவில் 2002-ல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி சுடுநீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சிப் பிடித்ததில் இறந்தாள். அவளுடைய அம்மா இழுத்தும் விடுவிக்க முடியவில்லை. அவள் பெயரில்தான் 2007-ல் அங்கே வடிகால் மூடிக்கென்றே சட்டம் வந்தது. ஒரு பம்புக்கு ஒரே வடிகால் என்றால் இந்த ஆபத்து அதிகம், மூன்றடிக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு இருந்தால் ஒன்றை அடைத்தாலும் மற்றது இழுத்துக்கொள்ளும்.

அந்த அப்பாவிடம் இன்றைக்கு வேண்டாம் என்றேன். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது, எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. குவிந்த புது மூடியும் துருப்பிடிக்காத திருகாணியும் வர மூன்று நாள் ஆனது, அதற்குள் வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே தானாக மூடிக்கொள்ளும் கேட் ஒன்றையும், பெரியவள் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளையும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இறங்கினார்கள். அப்பா போனை உள்ளே வைத்துவிட்டு வந்து கரையிலேயே உட்கார்ந்திருந்தார்.