சொல் விளக்கம்: குவோரம் – குறைவெண்

"கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைப்பு" என்று கேள்விப்பட்டிருப்போம். கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வந்தாக வேண்டுமோ, அந்த எண்ணிக்கைதான் கோரம் எனப்படும் குவோரம். நம் மக்களவையில் அது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு. தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் இதைக் 'குறைவெண் வரம்பு' என்கிறார்கள். இலங்கையில் 'கூட்ட நடப்பெண்'.

லத்தீனில் 'குவோரம்' என்ற சொல்லுக்கு 'எவர்களுள்' என்று பொருள். இங்கிலாந்தில் அமைதி நீதிபதிகளை நியமித்த பழைய ஆணைகளில் "இவர்களுள் இன்னார் ஒருவராக இருக்க வேண்டும்" என்ற வாசகம் வரும். அந்த இன்னார் இல்லாத அமர்வு செல்லாது. ஆக, இச்சொல் முதலில் ஆட்களைக் குறித்தது. எண்ணிக்கைப் பொருள் அப்புறம் ஏறியது.

இச்சொல் கணினித் துறைக்கும் வந்தது. 1979இல் கணினி அறிஞர் டேவிட் கிஃபோர்ட், பல சர்வர்களில் உள்ள தரவு நகல்களுக்கு வாக்கு கொடுத்து, வாசிக்க ஒரு குவோரம், எழுத ஒரு குவோரம் என்று வகுத்தார். ஒரே தரவுக்கு சிங்கப்பூர், மும்பை, டோக்கியோ, பிராங்பர்ட், வர்ஜீனியா என 5 இடங்களில் சர்வர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 3 சர்வர்கள் ஏற்றால் பதிவு உறுதி. 2 விழுந்தாலும் வேலை நிற்காது. ஏன் 3? ஐந்தில் எந்த மூன்றை எடுத்தாலும், வேறெந்த மூன்றோடும் ஒரு சர்வராவது பொதுவாக இருக்கும். முந்தைய முடிவு அதற்குத் தெரியும் என்பதால் முரணான இரண்டு முடிவுகள் நிறைவேற வழியே இல்லை. கேபிள் அறுந்து 3, 2 எனப் பிரிந்தால், இரண்டு உள்ள பக்கம் எதையும் உறுதிசெய்யாது.

தூரமும் கணக்கில் வரும். ஒளியிழையில் 1,000 கி.மீ. போய்வர சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். பதிவுகளை முன்னின்று நடத்தும் தலைமைச் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் மும்பை, டோக்கியோ பதில்கள் போதும். 100 மில்லிசெகண்டுக்கு மேல் எடுக்கும் பிராங்பர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சரி, அப்படியானால் குவோரத்தைப் 'பெரும்பான்மை' என்றே எழுதலாமே? கூடாது. ஹெய்டி ஹவர்டும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் காட்டியது இது: சர்வர்கள் ஒரே முடிவுக்கு வர உதவும் பாக்ஸோஸ் முறையில் தலைவரை (தலைமைச் சர்வரை) தேர்ந்தெடுக்கும் குவோரமும் பதிவை ஏற்கும் குவோரமும் ஒன்றையொன்று தொட்டால், அதாவது ஒரு சர்வராவது இரண்டிலும் இருந்தால் போதும். ஐந்து சர்வர்களில் தேர்வுக்கு 4, பதிவுக்கு 2 என்றும் வைக்கலாம். பதிவு வேகமாகும், ஆனால் தலைவரோடு இன்னொரு சர்வரும் விழுந்தால் புதுத் தலைவர் கிடையாது. இங்கே 2 பெரும்பான்மை இல்லை, ஆனாலும் அது குவோரம்.

எண்ணிக்கையைச் சொல்லும் இடத்தில் 'குறைவெண்' கச்சிதம். வாக்களித்த சர்வர்களையே சுட்டும்போது 'குறைவெண் அணி' என்று எழுதுவதே என் விருப்பம்.