ஏலகிரி இறக்கத்தில் காணாமல் போகும் பிரேக்

ஆம்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஏலகிரியிலிருந்து காரில் இறங்கினோம். வழியெல்லாம் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. கீழே பொன்னேரியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி வண்டியை எடுத்தால் பெடல் தரையைத் தொடுகிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பழையபடி சரியாக இருக்கிறது. இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டிவிட்டோம். இரண்டிலும் 'ஒன்றும் இல்லை' என்கிறார்கள். என்னதான் கோளாறு?"

பிரேக் ஆயிலில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அது சூட்டில் கொதித்திருக்கிறது. ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகி, தடயமே இல்லாமல் போய்விட்டது. ஆறிய வண்டியை மிதித்துப் பார்த்த மெக்கானிக் ஒன்றும் இல்லை என்றதில் வியப்பில்லை.

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்ற பாஸ்கல் விதி பள்ளியில் படித்ததுதான். பெடலை மிதித்தால் அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போய், உராயும் கட்டையான பேடை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. திரவம் சுருங்காது என்பதை நம்பித்தான் இந்த ஏற்பாடே நடக்கிறது.

சூடு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார், 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 700 மீட்டர் உயரம் இறங்குகிறது. இழக்கும் நிலையாற்றல் ஏறக்குறைய 90 லட்சம் ஜூல். மூன்றரை லிட்டர் தண்ணீரை முழுவதுமாக ஆவியாக்க இது போதும். டயர் உருளலிலும் காற்றை எதிர்ப்பதிலும் ஒரு பங்கு போகும். சரியான கியரில் இறங்கினால் இன்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்குகிறவருக்கு மிச்சம் மொத்தமும் டிஸ்க், டிரம்மின் தலையில்தான். அதிலும் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கு.

இனி அந்தத் திரவத்துக்கு வருவோம். நம் கார்களில் பெரும்பாலும் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில். இரண்டும் கிளைக்கால் (glycol) வகை ஈதர்கள். டாட் 4-இல் போரேட் எஸ்டரும் உண்டு. புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்கக் கூடாது என்பது விதி. இவை ஈரத்தை உறிஞ்சும். பிரேக் ஹோஸின் ரப்பர் வழியாகவும் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரப்பதம் வருடக்கணக்கில் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீர் 3.7 சதவீதம் அளவுக்கு ஏறியதும், அனுமதிக்கப்படும் குறைந்தபட்சக் கொதிநிலை டாட் 3-க்கு 140 டிகிரி, டாட் 4-க்கு 155 டிகிரி என்று இறங்கிவிடுகிறது.

தண்ணீரை உறிஞ்சாத திரவத்தையே ஊற்றினால் என்ன என்று தோன்றும். இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே வந்த தண்ணீர் திரவத்தில் கலக்காவிட்டால், துளித்துளியாகத் திரண்டு தாழ்வான இடத்தில் தங்கும். பிரேக்கில் தாழ்வான இடம், டிஸ்க்கில் பேடை அழுத்தும் காலிப்பரும், டிரம்மில் அதே வேலையைச் செய்யும் வீல் சிலிண்டரும். அதிகச் சூடு ஏறுவதும் அங்கேதான். தனித் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும், போதாததற்கு உலோகத்தைத் துருவும் பிடிக்க வைக்கும். கிளைக்கால் அந்தத் தண்ணீரைத் தன்னுள் கரைத்துப் பரப்பி, கொதிநிலையைத் தடாலென்று விழவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறது. ஆக, ஈரத்தை உறிஞ்சுவது தெரிந்தே தேர்ந்தெடுத்த குணம். அதற்குக் கொடுக்கும் விலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பது.

சரி, இறங்கும்போது பிடித்த பிரேக் டீக்கடையில் நின்ற பிறகு ஏன் போனது? பெடலை மிதித்திருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் அதிகம். வளிமண்டலத்தைப் போல 20 மடங்கு அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 212 டிகிரி வரை கொதிக்காது. காலை எடுத்த கணத்தில், குக்கரின் வெயிட்டைத் தூக்கியது போல, அழுத்தம் சாதாரண அளவுக்கு விழுந்துவிடுகிறது. வண்டி நின்றுவிட்டதால் டிஸ்க்குக்குக் காற்றோட்டமும் இல்லை. டிஸ்க்கின் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து திரவத்துக்கும் மெதுவாக ஏறுகிறது. கொதிப்பு தொடங்குவது அப்போதுதான். ஒரு துளி தண்ணீர் முழுவதும் ஆவியானால் சுமார் 80 மில்லி இடத்தை அடைக்கும். சிறிய காரின் மாஸ்டர் சிலிண்டர் ஒரு முழு மிதியில் தள்ளுவதோ ஏறக்குறைய 10 மில்லி. குமிழிகள் தமக்கு இடம் தேடித் திரவத்தை மேலே டப்பாவுக்குத் தள்ளிவிடும். அடுத்த மிதியெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும், பேடு அசையாது. ஆறியதும் ஆவி அடங்கும், டப்பாவிலிருந்து திரவம் இறங்கி அந்த இடத்தை நிரப்பும், பெடல் திடமாகிவிடும்.

"பிரேக் பிடிக்கல" என்று வரும் எல்லா வண்டியும் இந்தக் கேஸ் அல்ல. பெடல் எப்படி இருந்தது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். சூட்டிலும் ஆறிய நிலையிலும் எப்போதும் மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று. சூட்டில் மட்டும் மெத்தென்றானால் ஆவி. ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. பெடல் திடமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூட்டில் பிடிப்பை இழந்திருக்கும். பெடல் மரக்கட்டைபோல் இறுகிப்போனால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரில் வெற்றிடம் இல்லை. டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். இரண்டு மூன்று மிதிக்குமேல் பூஸ்டர் உதவாது.

ஆவிதான் என்று தெரிந்தபின் ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பக் கூடாது. நாலு சக்கரத்தில் ஒன்று மட்டும் உரசிக்கொண்டே ஓடியிருக்கலாம். பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நாலு டிஸ்க்கையும் பாருங்கள், கையால் தொடாதீர்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் காலிப்பரின் ஸ்லைடர் பின் இறுகியிருக்கும், பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருக்கும், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் திரும்பாமல் நிற்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பின் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியும், செங்கல் அடுக்கியும் கீழே போகவே கூடாது. பேடு தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊத வேண்டாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியோ பிரேக் கிளீனரோ போதும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, காலிப்பரில் திரவத்தை வெளியே விடும் திருகான நிப்பிளைத் திறந்து வையுங்கள். அழுக்குத் திரவம் மேலே ஏபிஎஸ் (சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி) பக்கம் போகாது. ஸ்லைடர் பின்னுக்கு ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ்தான், சாதாரண கிரீஸ் கூடாது.

பல இடங்களில் டப்பாவில் உள்ளதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுகிறார்கள். பிரேக் ஆயில் இன்ஜின் ஆயிலைப் போலச் சுற்றி வருவதில்லை. காலிப்பரில் இருப்பது காலிப்பரிலேயே கிடக்கும். ஆயிலின் ஈரத்தை டெஸ்டரால் பார்ப்பதானாலும் காலிப்பர் நிப்பிளிலிருந்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

குழாயிலுள்ள பழைய திரவத்தையும் காற்றையும் வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும் முறை பலருக்கும் தெரிந்ததே. டப்பாவைச் சிரிஞ்சால் காலி செய்து புதியதை ஊற்றி, நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள பாட்டிலில் முக்குங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம், நம் ஊர்க் கார்களில் இடது பின் சக்கரம். ஒரு முன் சக்கரமும் எதிர்ப்புறப் பின் சக்கரமும் ஒரே குழாய்ச் சுற்றில் இணைந்த வண்டிகளில் வரிசை மாறும், ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளுக்கு ஸ்கேனரும் வேண்டும். சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். ஒருவரைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, நிப்பிளைக் கால்வாசிச் சுற்றுத் திறந்து, அவர் பெடலிலிருந்து காலை எடுக்குமுன் மூடிவிட வேண்டும். பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்கு மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் போனால் அங்குள்ள துரு அதைக் கிழித்துவிடும். டப்பா வற்றிவிடாமல் ஊற்றிக்கொண்டே, தெளிவான திரவம் வரும்வரை நாலு சக்கரத்திலும் எடுக்க ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். போன வருடம் திறந்து வைத்த பிரேக் ஆயில் டின் வேண்டாம், மூடியிருந்தாலும் ஈரம் ஏறியிருக்கும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இன்ஜின் ஆயிலோ பெட்ரோலோ ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது, ரப்பர் கப்புகள் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

மலையேறுமுன் டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பழம் நசுக்கிவிட்டதால் பிரேக் ஆயில் மாற்ற வேண்டாம் என்று நினைப்பதில்தான் ஆட்சேபணை. எஃப்.சி.க்கு (வாகனத் தகுதிச் சான்று) வண்டி காட்டும் இடத்திலும் வண்டி சூடேறாமலேதான் நிற்கிறது, இந்தக் கோளாறு அங்கே தெரியாது. ஒவ்வொரு ஐடிஐயிலும் கொதிநிலை பார்க்கும் கருவி ஒன்றாவது இருக்க வேண்டும் என்பேன். காது கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

இறக்கத்தில் பெடல் உள்ளே போய்விட்டால் விடாமல் பம்ப் செய்யுங்கள், கியரை இறக்குங்கள், ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அது கேபிளில் ஓடுவதானால் ஆவியால் கெடாது. நின்ற பிறகு ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள், சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். ஆறிப் பெடல் சரியானாலும் மெதுவாக ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் ஓட்டுங்கள். ஆம்பூர் வாசகரின் வண்டிக்கும் நாலு சக்கரத்திலும் ஆயில் மாறும்வரை ஏலகிரி வேண்டாம்.